தலை பறந்தால் விசில், குடல் சரிந்தால் சீச்சீ!

பதிவு எழுதி ரொம்ப நாளாச்சு மக்களே. ஆபீசில் ஆணி அதிகம். வீட்டில் தங்கமணி கொடுக்கும் ஆணி அதைவிட அதிகம். ஆனால் இதை எழுதாவிட்டால் எனக்குத் தூக்கம் வராது. வயிற்றெரிச்சல் பதிவு இது. பிடிக்காதவர்கள் இப்போதே எஸ்கேப் ஆகிவிடலாம், கோவித்துக்கொள்ள மாட்டேன்.

மேட்டர் இதுதான். போன மாதம் ஒரு சனிக்கிழமை, இங்கே ஸ்டுட்கார்ட்டில் நண்பர் வீட்டில் கூடினோம். ஆளுக்கொரு சமையல், நாலைந்து குடும்பம். குழந்தைகள் மாடியில், பெண்கள் பாதிப்பேர் அடுப்படியில், மீதிப்பேரும் ஆண்களும் கீழே நிலவறையில். இங்கே அதைக் கெல்லர் என்பார்கள். நண்பர் அங்கே பெரிய திரையும் புரொஜெக்டரும் வைத்திருக்கிறார். பெரியவர்கள் மட்டும்தானே, ஏதாவது திகில் படம் போடு என்றார்கள். என் ஆபீஸ் துருக்கிக்காரத் தோழர் ரொம்ப நாளாகச் சொல்லிக்கொண்டிருந்த ஒரு படம் ஞாபகம் வந்தது. போட்டேன். என் கெட்ட நேரம்.

படம் பெயர் 'பாஸ்கின்'. 2015-ல் வந்தது. இயக்கம் ஜான் எவ்ரெனோல். இதே பெயரில் 2013-ல் ஒரு குறும்படம் எடுத்து, அதையே பிறகு முழுப்படமாக்கினார். துருக்கி மொழியில் பாஸ்கின் என்றால் திடீர் ரெய்டு. இரவு ரோந்தில் ஐந்து போலீஸ்காரர்கள். சாலையோர ஓட்டலில் சாப்பிட்டுவிட்டுக் கிளம்புகிறார்கள். உதவிக்கு வரச் சொல்லி வயர்லெஸ்ஸில் அழைப்பு வருகிறது. போகிற வழியில் வேன் கவிழ்கிறது. கைவிடப்பட்ட பழைய கட்டிடம் ஒன்றுக்குள் நுழைகிறார்கள். ஒரு காலத்தில் அதுவும் போலீஸ் ஸ்டேஷன்தான். உள்ளே இருப்பது நரகம். உவமை இல்லை, நிஜமாகவே நரகம். அப்புறம் ரத்தம், குடல், கண். சொன்னால் நீங்கள் சாப்பிட மாட்டீர்கள், விட்டுவிடுகிறேன்.

எட்டுப் பேரில் மூன்று பேர் பாதியில் எழுந்து போனார்கள். அதில் தப்பில்லை. மறுநாள் வாட்ஸப் குழுவில் வந்த விமர்சனங்கள்தான் என்னைச் சூடாக்கின.

"கதையே இல்லை, கடைசிவரை என்ன நடக்குதுன்னே புரியலை."

"ஒரு பேயும் வரலை. இதுக்கு நம்ம ஊர் அரண்மனை படங்களே தேவலாம்."

"முதல் பாதி இருட்டும் லைட்டிங்கும் அருமை. அப்புறம் கசாப்புக் கடை."

"இதை எடுத்தவனுக்கு மனநோய். பரிந்துரை பண்ணினவனுக்கும்." (அடியேன்தான்!)

"துருக்கிக்காரங்க சினிமாவே இப்படித்தான் இருக்கும்."

கடைசியாக வந்தது: "குடும்பமா கூடுற இடத்துல இந்த மாதிரி வக்கிரத்தைப் போடலாமா? நம்ம கலாச்சாரம் என்ன?" முப்பது கட்டைவிரல்கள் அதற்கு!

இதை எழுதியவரை எனக்கு நன்றாகத் தெரியும். நல்ல மனிதர். சில மாதங்களுக்கு முன்னால் ஒரு பெரிய ஹீரோ படத்துக்கு முதல் நாளே குடும்பத்தோடு டிக்கெட் எடுத்துக்கொண்டு போனார். இரண்டு குழந்தைகள், சின்னவளுக்கு ஐந்து வயது. வாசலில் ஊழியர் தடுத்துவிட்டார். ஜெர்மனியில் எஃப்எஸ்கே வயதுச் சான்று வாங்காத படத்துக்கு 18 வயதுக்குக் கீழே யாரையும் விடக்கூடாது, சட்டம். அப்பா அம்மா கூட வந்தாலும் கிடையாது. நம்மாள் அரைமணி நேரம் சண்டை போட்டார். "எங்க ஊர்ல கைக்குழந்தையோட பார்ப்போம், உனக்கென்ன?" அன்று குழுவில் அந்த ஊழியரை இனவெறியர் என்று திட்டி எழுதினார். அதற்கும் முப்பது கட்டைவிரல். அதில் ஒன்று என்னுடையது.

அந்தப் படத்தில் எத்தனை பேர் செத்தார்கள் என்று அவரைக் கேளுங்கள், தெரியாது. எண்ணவே முடியாது. பாஸ்கினில் எத்தனை பேர் என்று கேளுங்கள், யார் யார் எப்படிச் செத்தார்கள் என்று வரிசையாகச் சொல்வார். எனக்குச் சொல்ல வேண்டியது இவ்வளவுதான். ரத்தம் பார்த்துக் குமட்டினால் அது படத்தின் குற்றம் இல்லை. குமட்ட வேண்டிய இடத்தில் நமக்கு விசில் வருகிறதே, அதுதான் கவலைப்பட வேண்டிய வியாதி.

அவரை மட்டும் சொல்லித் தப்பிக்க முடியாது. என் கதையையும் சொல்கிறேன்.

2023 ஆகஸ்ட். கோடை விடுமுறைக்கு ஊர் போயிருந்தோம். நமக்கு நாகர்கோவில். எங்கள் ஊர்க்காரனுக்குத் திருவனந்தபுரம்தான் பக்கத்துப் பட்டணம். 1956 நவம்பர் 1 வரைக்கும் நாங்கள் அந்தப் பக்கத்து ஆட்கள்தானே. ஆஸ்பத்திரி, விமானம், சாலை பஜார், சினிமா எல்லாவற்றுக்கும் அங்கே போவோம். டெக்னோபார்க்கில் நான் பல வருஷம் குப்பை கொட்டியிருக்கிறேன். விமானம் ஏற இரண்டு நாள் இருந்தது, திருவனந்தபுரத்தில் உறவினர் வீட்டில் தங்கினோம். ஜெயிலர் ஓடிக்கொண்டிருந்தது. ரஜினி, போதாக்குறைக்கு மோகன்லால் வேறு. அந்த ஊரில் டிக்கெட் கிடைப்பதே குதிரைக்கொம்பு. கிடைத்தது. ஏழு வயது மகனையும் கூட்டிக்கொண்டு போனேன்.

யுஏ சான்றிதழ் படம் அது. பெரியவர்கள் துணையோடு குழந்தைகள் பார்க்கலாம் என்று அர்த்தம். படத்தில் வில்லன் ஆட்களை ஆசிட் தொட்டியில் அமுக்குகிறான். கத்தி வீச்சில் தலை பறக்கிறது. அரங்கம் அதிர்ந்தது. நானும் விசிலடித்தேன், பொய் சொல்லவில்லை. பையன் என் சட்டையை இழுத்தான். "அப்பா, அந்த அங்கிள் தலை எங்க போச்சு?"

"அது பொம்மை டா."

"அப்போ ஏன் எல்லாரும் கைதட்டுறாங்க?"

பதில் இல்லை என்னிடம். தங்கமணி திரும்பி ஒரு பார்வை பார்த்தாள். ஆட்டோவில் வீடு வரும்வரை யாரும் பேசவில்லை. அதே மாதம் சென்னை உயர்நீதிமன்றத்தில் ஜெயிலரின் யுஏ சான்றிதழை ரத்து செய்யச் சொல்லி ஒரு பொதுநல வழக்குப் போட்டார்கள், தள்ளுபடி ஆனது. விளம்பரத்துக்குப் போட்டிருப்பான் என்று நானும் சிரித்தேன். யார் எதற்குப் போட்டால் என்ன, என் பையன் கேட்டதைத்தானே அவரும் கேட்டார்?

இப்போது அதே திருவனந்தபுரத்தின் இன்னொரு முகத்தைச் சொல்கிறேன். அங்கே டிசம்பரில் நடக்கும் கேரள சர்வதேசத் திரைப்பட விழா பற்றித் தெரிந்திருக்கும். 1996-ல் கோழிக்கோட்டில் தொடங்கி, பிறகு கேரள சலச்சித்ர அகாடமி கைக்கு வந்து, திருவனந்தபுரத்தின் அடையாளமாகவே ஆகிவிட்டது. டெக்னோபார்க் காலத்தில் டிசம்பர் வந்தால் எங்களுக்குத் திடீரென்று காய்ச்சல், வயிற்றுவலி எல்லாம் வரும். லீவு போட்டுவிட்டுத் தம்பானூர் கைரளி, ஸ்ரீ, நிளா வாசலில் வரிசையில் நிற்போம்.

2013 விழாவுக்குக் கொரிய இயக்குநர் கிம் கி டுக் வந்திருந்தார். அந்த ஊரில் அவருக்கு இருந்த மவுசைப் பார்த்து அவரே மிரண்டிருப்பார். அவருடைய 'மோபியஸ்' அந்த வருஷம் திரையிடப்பட்டது. படத்தில் ஒரு வசனமும் கிடையாது. ஒரு குடும்பம் தன்னைத்தானே அறுத்துக்கொள்ளும் கதை. அறுத்துக்கொள்ளும் என்பதை நேர் அர்த்தத்தில் எடுத்துக்கொள்ளுங்கள். பார்த்தவர்களில் ஒருவர் மயங்கி விழுந்ததாக மறுநாள் செய்தி. வெளியேறியவர்களும் உண்டு. அந்தக் காட்சியில் நான் இல்லை. ஆனால் அடுத்த நாள் வரிசையில் கேட்ட பேச்சு இன்னும் காதில் இருக்கிறது. "அவன் என்ன சொல்ல வந்தான்?" என்று ஒரு சேட்டன். "சொல்ல ஒன்றுமில்லை, நம்மைச் சோதிக்கிறான்" என்று இன்னொருவர். கல்லூரிப் பெண் ஒருத்தி இரண்டு பேரையும் மடக்கினாள். "குமட்டினது உங்களுக்கு, கேள்வி அவனுக்கா?" லாரி பேக்கர் கட்டிய அந்தச் சுருள் வடிவ இந்தியன் காபி ஹவுஸில் பீட்ரூட் மசாலா தோசையோடு அந்தச் சண்டை தொடர்ந்தது.

அந்தக் கூட்டத்தைக் கடவுளாக்க நான் வரவில்லை. கிம் கி டுக்கை நாங்கள் தலையில் தூக்கிவைத்து ஆடினோம். மோபியஸ் படப்பிடிப்பில் நடிகையை அறைந்ததற்காகப் பின்னாளில் அவருக்கு அபராதம் விதித்தார்கள். வேறு பெண்களும் அவர்மேல் பாலியல் புகார் சொன்னார்கள். 2020 டிசம்பரில் லாட்வியாவில் கொரோனாவில் இறந்தார். திரையில் காட்டின வன்முறை வேறு, திரைக்குப் பின்னால் நிஜமாகச் செய்தது வேறு. முதலாவதை எவ்வளவு வேண்டுமானாலும் விவாதிக்கலாம், இரண்டாவதற்கு எந்தக் கலையும் சால்ஜாப்பு ஆகாது. அன்று கைதட்டின எங்களுக்கு இந்த வித்தியாசம் உறைக்கவில்லை.

ஆனால் ஒரு விஷயம் அந்த ஊரில் உண்டு. பார்க்கிறார்கள், பிறகு வாய்விட்டுச் சண்டை போடுகிறார்கள். பார்வையாளர்களே ஓட்டுப் போட்டு விருது கொடுக்கும் விழா அது. பிடிக்காவிட்டால் கூவுவார்கள். 2022 டிசம்பர் நிறைவு விழாவில் அகாடமி தலைவரையே கூவினார்கள், டிக்கெட் முன்பதிவில் இடம் கிடைக்காத கோபம். அதே விழாவில் நிஷாகந்தி திறந்தவெளி அரங்கில் நடுராத்திரி இந்தோனேசியப் பேய்ப்படம் 'சாத்தான்ஸ் ஸ்லேவ்ஸ் 2' போட்டார்கள். அடுத்த வருஷம், இயக்குநர் வில்லியம் ஃபிரட்கின் இறந்ததையொட்டி, அதே அரங்கில் நடுராத்திரி 'எக்ஸார்சிஸ்ட்'. டிசம்பர் பனியில் வயது வந்தவர்கள் உட்கார்ந்து பயந்துவிட்டு, டீக்கடையில் அலசிவிட்டு வீட்டுக்குப் போனார்கள். யார் கலாச்சாரமும் செத்துப்போகவில்லை.

சரி, பாஸ்கினுக்கு வருவோம். குழுவில் வந்த கருத்துகளுக்கு ஒவ்வொன்றாகப் பதில்.

"கதை இல்லை, புரியலை." கெட்ட கனவுக்கு எப்போது ஐயா கதை இருந்தது? படம் தொடங்குவதே ஒரு சின்னப் பையனின் ராத்திரியில். அந்தப் பையன்தான் வளர்ந்து ஐந்து போலீஸ்காரர்களில் இளையவனாகிறான். கனவும் நினைவும் படம் முழுக்கக் கலந்தே ஓடுகின்றன. கடைசியில் எங்கே போய் முட்டுகிறது என்று பார்த்தவர்களுக்குத் தெரியும், பார்க்காதவர்களுக்குச் சொல்லமாட்டேன். சுற்றிச் சுற்றி ஒரே இடத்துக்கு வருவதுதான் அங்கே நரகம்.

"பேய் வரலை." பேய்க்குப் பதில் யார் வருகிறார்கள் பாருங்கள். ஓட்டல் காட்சி ஞாபகம் இருக்கிறதா? அசிங்கமாக ஒரு கதை சொல்லிச் சிரிக்கிறார்கள். பரிமாறும் பையன் சிரித்துவிட்டான் என்பதற்காக ஒரு போலீஸ்காரன் அவன்மேல் பாய்கிறான். அதிகாரி பார்த்துக்கொண்டிருக்கிறார். ஒருவர்கூட வாய் திறக்கவில்லை. யூனிஃபார்ம் போட்டவன் நினைத்தால் யார்மேலும் கை வைக்கலாம் என்கிற திமிர். படத்தின் முதல் திகில் காட்சி அதுதான். பின்னால் அந்த ஐந்து பேரையும் கட்டிப்போட்டு ஒருவன் நியாயம் பேசுகிறான். ஸ்டேஷனுக்குள்ளேயே போலீஸ்காரன் விலங்கில்! ஒரு இரவு முழுக்க அடிவாங்கும் இடத்தில் அவர்களை உட்கார வைத்திருக்கிறார் இயக்குநர். இது கசாப்புக் கடைக்காரன் யோசிக்கிற யோசனையா?

தமிழனுக்கு இது புரியாது என்றால் நான் நம்பமாட்டேன். பாஸ்கின் 2015 செப்டம்பரில் டொராண்டோ விழாவில் நடுராத்திரிப் படமாக ஓடியது. அதே செப்டம்பரில் வெனிஸ் விழாவில் ஓடியது எது தெரியுமா? நம்ம வெற்றிமாறனின் 'விசாரணை'. குண்டூரில் பிழைக்கப்போன தமிழ்த் தொழிலாளிகளை லாக்கப்பில் வைத்து அடித்த கதை. ஆட்டோ டிரைவர் மு. சந்திரகுமார் தான் பட்டதை எழுதிய 'லாக்கப்' நாவலில் இருந்து வந்தது. மனித உரிமைக்காக அங்கே ஆம்னஸ்டி விருது வாங்கியது. விசாரணை பற்றியும் நம்மாட்கள் சொன்னது ஞாபகம் இருக்கிறதா? "பார்க்க முடியலைப்பா, ரொம்ப ரா." பார்க்க முடியாமல்தானே இருக்கணும்! லாக்கப் அடியை ரசித்துப் பார்க்கும்படி எடுத்தால்தான் தப்பு. ஆனால் அதே அடியை ஒரு ஹீரோ போலீஸ் அடித்தால் பின்னணியில் தவில் போட்டு நம்மை ஆட வைக்கிறார்கள். ஆடுகிறோம். 2020 ஜூனில் சாத்தான்குளத்தில் தந்தையும் மகனும் காவலில் அடிபட்டுச் செத்தபோது ஊரே கொதித்தது. கொதித்த அதே வாட்ஸப் குழுக்களில் அடுத்த மாதமே என்கவுண்ட்டர் வீடியோவுக்கு நெருப்புப் படம் போட்டார்கள். இந்த இரட்டைப் புத்தி எங்கிருந்து வந்தது என்று யோசிக்கவேண்டாமா?

"முதல் பாதி அருமை, இரண்டாம் பாதி கசாப்பு." இது நியாயமான கருத்து. நானும் ஒத்துக்கொள்கிறேன். சிவப்பும் நீலமுமாக அந்த ராத்திரி, தவளைகள், தண்ணீர், தூரத்தில் ஒரு வெளிச்சம், இதெல்லாம் சேர்ந்து பயமுறுத்தியது மாதிரி கத்தி பயமுறுத்தவில்லை. கடைசி அரைமணி நேரம் படம் ஒரே இடத்தில் நின்று பிரசங்கம் பண்ணுகிறது. பெண்களுக்குப் படத்தில் மனுஷியாக ஒரு இடமும் கிடையாது. இப்படி ஆயிரம் குறை சொல்லுங்கள், நான் கூடச் சேர்ந்து சொல்கிறேன். ரத்தம் இருந்தாலே கலை என்று கொண்டாடும் கூட்டமும் இணையத்தில் உண்டு. அவர்களுக்கும் கும்பிடு.

"எடுத்தவனுக்கு மனநோய்." வலிப்பதை வலிக்கிற மாதிரி காட்டுகிறவனுக்கு மனநோய், நூறு பேரை வெட்டிவிட்டு சட்டை கசங்காமல் சுருட்டுப் பற்றவைப்பதைக் காட்டுகிறவர் ஜனரஞ்சக இயக்குநர். நல்ல வைத்தியம்!

"துருக்கிக்காரங்க இப்படித்தான்." துருக்கியர்களோடு ஒரே கட்டிடத்தில் குடியிருந்துகொண்டு, அவர்கள் கடையில் ரொட்டியும் ஆட்டுக்கறியும் வாங்கிக்கொண்டு நாம் சொல்லும் வார்த்தையா இது? நாலு தமிழ்ப்படம் பார்த்துவிட்டு "தமிழன் எல்லாரும் அரிவாள் வைத்திருப்பானா?" என்று என் தோழர் கேட்டால் எவ்வளவு கோபம் வரும்? அவர் கேட்டதில்லை. கேட்கிற அளவுக்கு நாம் படம் எடுத்து வைத்திருக்கிறோம்.

கடைசியாக, "குடும்பமா கூடுற இடத்துல வக்கிரம்." குழந்தைகள் மாடியில் இருந்தார்கள், கதவு சாத்தியிருந்தது, போடும்முன் என்ன படம் என்று சொன்னேன், வேண்டாதவர்கள் எழுந்து போனார்கள். வக்கிரம் அங்கே இல்லை. ஏழு வயதுப் பையனை மடியில் வைத்துக்கொண்டு தலை பறப்பதற்கு நான் விசிலடித்தேனே, அது வக்கிரம்.

சினிமா பார்த்துத்தான் கொலை செய்கிறார்கள் என்று நான் சொல்லவில்லை. அந்த வாதமும் திருவனந்தபுரத்தில் நடந்தது. 2025 பிப்ரவரி 24 அன்று, அந்த மாவட்டத்து வெஞ்ஞாறமூட்டில் ஐந்து பேர் கொல்லப்பட்டார்கள். கைதானவன் 23 வயது இளைஞன், செத்தவர்களில் பெரும்பாலோர் அவன் குடும்பத்தார். கேரளமே ஆடிப்போனது. உடனே கை சினிமா பக்கம் நீண்டது. 2024 டிசம்பரில் வந்த 'மார்க்கோ' என்ற மலையாளப் படம் மாட்டியது. வயது வந்தோருக்கான ஏ சான்றிதழ் படம்தான், ஆனாலும் பச்சைக் குழந்தையைக்கூட விட்டுவைக்காத வன்முறை. சட்டசபை வரைக்கும் சினிமா வன்முறை பேச்சு போனது. மார்க்கோவைத் தொலைக்காட்சியில் போட சென்சார் போர்டு அனுமதி மறுத்தது. கொலை வழக்கில் போலீஸ் சொன்னதோ கடன் தொல்லை. ஒரு வீட்டின் கடனையும் நொடிப்பையும் ஒரு படத்தின் தலையில் கட்டுவது சுலபம். கட்டிவிட்டு எல்லாரும் நிம்மதியாகத் தூங்கலாம்.

எனவே தடை என் கோரிக்கை இல்லை. தடை என்று ஆரம்பித்தால் எங்கே போய் நிற்கும் என்பதையும் அதே ஊர் காட்டியது. 2025 டிசம்பரில் நடந்த 30-வது விழாவில் 19 படங்களுக்கு ஒன்றிய அரசு முதலில் அனுமதி கொடுக்கவில்லை. அதில் ஒன்று ஐசன்ஸ்டீனின் 'பேட்டில்ஷிப் பொட்டம்கின்'. 1925-ல் வந்த படம், நூறு வயது! கூச்சல் எழுந்தபின் பலவற்றை விட்டார்கள். எனக்கு எது ஆகும் எது ஆகாது என்று டெல்லியில் ஒருவர் தீர்மானிப்பது எனக்குச் சம்மதமில்லை. ஆனால் என் பையனுக்கு எது ஆகும் என்று நான் தீர்மானிக்க வேண்டுமே, அதைச் செய்தேனா?

தயாரிப்பாளர்களுக்கு அந்தக் கவலை கிடையாது. 2025-ல் 'கூலி'க்கு ஏ சான்றிதழ் கொடுத்தார்கள் என்று அதை யுஏவாக மாற்றச் சொல்லி உயர்நீதிமன்றத்துக்கே போனார்கள், ஆகஸ்ட் கடைசியில் தள்ளுபடி ஆனது. குழந்தை வராவிட்டால் அப்பா அம்மாவும் வரமாட்டார்கள், நாலு டிக்கெட் போச்சு, அவ்வளவுதான் கணக்கு. நம் பிள்ளைகள் அங்கே வெறும் டிக்கெட். 2024 நவம்பர் முதல் இந்தியாவில் யுஏவை 7, 13, 16 என்று மூன்றாகப் பிரித்துவிட்டார்கள். நல்ல மாற்றம். ஆனால் அந்த எண்ணைப் பார்ப்பது யார்? "நம்ம தலைவர் படம்தானே" என்று நாம்தானே தூக்கிக்கொண்டு ஓடுகிறோம்.

ஒரு கருத்துக்கு மட்டும் என்னிடம் பதில் இல்லை. அது வாட்ஸப்பில் வரவில்லை. அன்று எழுந்து போன மூவரில் ஒருவர் யாழ்ப்பாணத்து அண்ணை. அறுபது தாண்டியவர், எண்பதுகளில் இங்கே வந்தவர். படம் முடிந்து மேலே போனபோது பால்கனியில் தனியாக நின்றார். மன்னிப்புக் கேட்டேன்.

"அதுக்கென்ன தம்பி. படத்திலை பிழை ஒண்டுமில்லை. எனக்கு இதுகளைப் படத்திலை பாக்கத் தேவையில்லை, அவ்வளவுதான்."

கொஞ்ச நேரம் கழித்து அவரே சொன்னார். "உங்கட ஹீரோக்கள் வெட்டுற படத்துக்கும் நான் வாறேல்லை, கவனிச்சிருக்கிறீரோ? மனுசி பிள்ளையள் போவினம். நான் காருக்குள்ள இருப்பன்."

கவனித்ததில்லை. இத்தனை வருஷமாக ஒரே சங்கம், ஒரே பொங்கல், ஒரே முதல் நாள் காட்சி. அவர் பார்க்கிங்கில் காத்திருந்ததை நான் ஒருநாளும் கவனிக்கவில்லை. ரத்தம் நிஜத்தில் எப்படி இருக்கும் என்று தெரிந்த மனிதருக்கு இரண்டு படமும் ஒன்றுதான். நமக்குத்தான் ஒன்று வக்கிரமாகவும் இன்னொன்று பொழுதுபோக்காகவும் தெரிகிறது.

அதனால் மக்களே, கேட்பது சின்னக் கேட்பு. தியேட்டர் வாசலில் வயது கேட்கும் ஊழியரோடு சண்டை போடாதீர்கள், அவர் நம் பிள்ளைக்காகத்தான் நிற்கிறார். டிக்கெட் எடுக்குமுன் சான்றிதழைப் பாருங்கள், தலைவர் படமாக இருந்தாலும். குமட்டுகிற படத்தைப் பார்த்தே தீரணும் என்று யாரும் அடம்பிடிக்கவில்லை, எழுந்து போங்கள். ஆனால் எழுந்து போன கையோடு, அடுத்த வாரம் எதற்கு உட்கார்ந்து விசிலடிக்கிறோம் என்று ஒரு நிமிஷம் யோசியுங்கள்.

என் பையனுக்கு இப்போது பத்து வயது. சமீபத்தில் அவனுடைய நண்பர்கள் ஒரு தமிழ்ப் படத்துக்குப் போனார்கள், நான் விடவில்லை. மூன்று நாள் பேசவில்லை. நான்காம் நாள் வந்து, "அந்தப் படத்துல தலை வெட்டுறாங்களா?" என்று கேட்டான். ஆமாம் என்றேன். "அப்போ எல்லாரும் கைதட்டியிருப்பாங்க" என்று சொல்லிவிட்டு விளையாடப் போய்விட்டான். மறக்கவே இல்லை படவா.

டிஸ்கி 1: பாஸ்கின் கண்டிப்பாக வயது வந்தவர்களுக்கு மட்டும். சாப்பிட்டவுடன் பார்க்காதீர்கள். இந்தப் பதிவை வைத்துக்கொண்டு "நீங்கதானே சொன்னீங்க" என்று என் வீட்டுக் கதவைத் தட்டக்கூடாது.

டிஸ்கி 2: கட்டைவிரல் போட்ட முப்பது பேரும் இதைப் படிப்பீர்கள் என்று தெரியும். பின்னூட்டத்தில் தாராளமாகத் திட்டலாம், வெளியிடுவேன். அடுத்த சனிக்கிழமை எங்கள் வீட்டில்தான் சாப்பாடு, தங்கமணி கையால் நாகர்கோவில் மீன்குழம்பு. படம் நீங்களே தேர்ந்தெடுங்கள். அண்ணையும் கூட உட்கார்ந்து பார்க்கிற மாதிரி ஏதாவது இருந்தால் சொல்லுங்கள்.